நாற்பத்தோராவது குழாய்

“நீங்க ஒரு மோசமான ரிசீவருங்க.”

காலை ஏழரை மணி. என் கையில் காபி. எதிரே தோசைக் கரண்டியோடு என் மனைவி புவனா. கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருடங்களில் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். இது புதிது.

“இப்ப நான் இன்னா சொன்னேன்?”

“ஆங்...” என்றேன்.

“அதான். ‘ஆங்’னு மட்டும் சொல்லுவீங்க. உள்ள ஒண்ணியும் போயிருக்காது. நீங்க ஆங் சொன்னத நம்பி நானும் அத மனசுலேர்ந்து அழிச்சிடுவேன். சாயங்காலம் பாத்தா கேஸ் புக் பண்ணியிருக்க மாட்டீங்க. கேட்டா, நீ எப்ப சொன்னேன்னு...”

வாக்கியம் பாதியில் நின்றது. அவள் பார்வை என்னைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, மலையையும் தாண்டி எங்கேயோ போனது. பிறகு கரண்டியை அப்படியே போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினாள். லேப்டாப் திறக்கும் சத்தம்.

தோசை கருகியது. அடுப்பை அணைத்தேன். அரை மணி நேரம் கழித்து முன்னறையிலிருந்து ஒரு கூவல் — “கண்டுபுடிச்சிட்டேங்க!”

என்ன கண்டுபிடித்தாள்? அதைச் சொல்ல அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றி இந்த வாராந்தரப் பத்தியில் எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த வாரத்துக்கு மட்டும் அனுமதி கேட்டேன். “ஆங்” என்றாள். கேட்டுவிட்டுத்தான் சொன்னாளா என்று இன்னமும் சந்தேகம்.

புவனா கம்ப்யூட்டர் படித்தவள். அரக்கோணத்துப் பெண். அங்கேயிருந்து தினமும் ரயிலேறி சென்னைக்கு வேலைக்குப் போனவள். பிறகு நான் வந்தேன், திருத்தணி வந்தது, இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், என் அம்மாவின் படுக்கை வந்தது. வேலை போனது. பன்னிரண்டு வருடம்.

போன வருடம் ஒருநாள் எதுவுமே சொல்லாமல் மறுபடி படிக்க உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வயதில். பிள்ளைகள் ஹாஸ்டலில், வீடு காலி, டைனிங் டேபிள் முழுக்க நோட்டு. இன்டர்வியூ மேல் இன்டர்வியூ. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி — “மேடம், இந்தப் பன்னிரண்டு வருஷ கேப்ல என்ன பண்ணீங்க?” என்னைக் கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்கிறார்கள்?

கடைசியில் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை. ஆறு மாதத்தில் ஒரு காரியத்தை முடித்துக் காட்டினால் நிரந்தரம். இல்லையென்றால்... நன்றி, வணக்கம்.

அந்தக் காரியம் எங்கள் ஊரிலேயே இருந்தது. ஒரு ரத்தப் பரிசோதனை லேப். திருத்தணியில் தலைமை லேப். அரக்கோணம், கனகம்மாசத்திரம், அம்மையார்குப்பம் மூன்று இடங்களிலும் ரத்தம் எடுக்கும் சின்ன மையங்கள். ரத்தம் குழாயில் அடைபட்டு, மேலே பார்கோடு ஒட்டிக்கொண்டு, பைக்கில் ஏறி வரும். அது யாருடைய ரத்தம், என்ன பார்க்க வேண்டும் என்ற தகவல் கம்ப்யூட்டர் வழியாக வரும். ரத்தம் வந்து தகவல் வராவிட்டால்? குழாயில் இருப்பது ஊர் பேர் தெரியாத ரத்தம். கறுப்புக் கோடுகள் மட்டும் போட்ட அநாதை.

பழைய ஏற்பாட்டில் இது அடிக்கடி நடந்தது. மையத்துக் கம்ப்யூட்டர் நேரடியாக லேப் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். அந்த நேரம் பார்த்து இங்கே கரண்ட் இல்லை, நெட் இல்லை என்றால், சொன்னது காற்றோடு போனது. மறுபடி யாரும் சொல்ல மாட்டார்கள்.

புவனாவின் கம்பெனி விற்பது ஓர் இன்டகிரேஷன் பிளாட்பாரம். ஒன்றின் பாஷை இன்னொன்றுக்குப் புரியாத சாஃப்ட்வேர்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்துப் பேச வைக்கிற பொது இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே ஒரு மெசேஜ் புரோக்கர் அமைக்க வேண்டும். அதுதான் அவள் பரீட்சை. (புரோக்கர் என்றதும் எங்கள் தெருவில் இரண்டு பேர் என்னிடம் மனை விலை விசாரித்தார்கள். அது தனிக் கதை.)

புரோக்கர் என்ன செய்யும்? நடுவில் நிற்கும். மையம் சொல்வதை வாங்கித் தன்னிடம் வரிசையில் வைத்துக்கொள்ளும். லேப் விழித்திருந்தால் உடனே கொடுக்கும். தூங்கினால் காத்திருக்கும். ஒரு மணி நேரமோ, ஒரு நாளோ... அலுப்பே கிடையாது. லேப் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொன்ன பிறகுதான் தன்னிடம் உள்ள பிரதியை அழிக்கும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு! எனக்குக் கேட்டவுடனே பிடித்துப்போனது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாத ஜென்மம் நான். காத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒன்றைப் பார்த்தால் பொறாமையாக இருக்காதா?

முதல் ஒத்திகை, அந்தத் தோசை கருகியதற்கு முந்தின நாள் நடந்தது. காலையில் எல்லாம் ஜோராகப் போனது. பதினோரு மணிக்கு லேப்பில் கரண்ட் ஒரு கண் சிமிட்டியது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. எழுந்தபோது பதினோரு பேரின் தகவலைக் காணோம். புரோக்கரிடமும் இல்லை, லேப்பிடமும் இல்லை. கனகம்மாசத்திரத்தில் ஒரு அம்மாவைத் திரும்ப வரச்சொல்லி மறு கையில் ஊசி குத்த வேண்டியதாயிற்று.

சென்னையிலிருந்து புவனாவின் மேலாளர் அஸ்வின் பேசினார். முப்பது வயது இருக்கும். மரியாதையான பையன், அதனாலேயே கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

“மேடம், லேப்ல ரொம்ப கோவமா இருக்காங்க. இன்னும் ஒரே ஒரு மெசேஜ் காணாம போனாலும் பழைய முறைக்கே போயிடறோம்னு சொல்லிட்டாங்க. அப்படி ஆச்சுன்னா... உங்க கான்ட்ராக்ட்டயும் என்னால காப்பாத்த முடியாது மேடம்.”

புவனா “சரிங்க” என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க அந்தப் பதினோரு பேரைத் தேடிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை என்னைத் திட்டும்போதுதான் அவர்கள் கிடைத்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த பிளாட்பாரத்தில், வாங்குகிறவர் மெசேஜ் கைக்கு வந்த அடுத்த கணமே ‘ஆங்’ சொல்லிவிடும்படி ஒரு செட்டிங். பிளாட்பாரம் தயாராகி வரும்போதே அப்படித்தான் இருக்குமாம்; நாம்தான் மாற்ற வேண்டுமாம். லேப் கம்ப்யூட்டர் தகவலை வாங்கியது, உடனே ‘ஆங்’ என்றது, புரோக்கர் நம்பித் தன் பிரதியை அழித்தது. தகவலைப் பதிவேட்டில் எழுதுவதற்குள் கரண்ட் போனது. சொன்னவருக்கும் நினைவில்லை, கேட்டவருக்கும் நினைவில்லை.

என் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக நடப்பது! தொழில்நுட்பத்துக்கு என் பங்களிப்பு என்று ஏதாவது இருக்குமானால் அது இதுதான்.

என்னை மட்டும் சொல்வானேன்? அந்த லேப்பின் வரவேற்பு மேஜையில் இருக்கிறாரே கஸ்தூரி... ஐம்பது வயது, தங்கமான மனுஷி. மையத்திலிருந்து யாராவது போன் செய்து “தகவல் வந்துச்சாக்கா?” என்றால், கேள்வி முடிவதற்குள் “ஆங், வந்துட்ச்சிமா” என்பார். வந்ததா? பார்த்திருக்கவே மாட்டார். “வரலன்னு சொன்னா பாவம், அந்தப் பொண்ணு மறுபடி எல்லாத்தியும் அடிக்கணுமே சார்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்து நல்ல மனசுக்கு இல்லை என்று சொல்ல வராது. அதில் தொலைந்த ரத்தக் குழாய்கள் எத்தனையோ.

ஆனால் புவனா வளர்ந்த வீடு வேறு. அவள் அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இவள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவாள். ரயில்வேயில் ஒரு வழக்கம். வண்டியை அனுப்பலாமா என்று ஒரு ஸ்டேஷன் கேட்டால், அடுத்த ஸ்டேஷன் வெறுமனே ‘அனுப்பு’ என்று சொன்னால் செல்லாது. தன்னிடம் உள்ள ரகசியத் தாளைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்ட ஸ்டேஷன் அதை ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ள வேண்டும். எண் இல்லாமல் வண்டி நகராது.

அந்தப் பழக்கம் மாமனார் வீட்டு அடுப்படி வரை வந்திருந்தது. கல்யாணமான புதிதில் அங்கே போனபோது, “சாப்டீங்களா மாப்ள?” என்றார். “ஆங்” என்றேன். “இன்னா சாப்டீங்க? எத்தினி?” என்றார். ஏழு இட்லி என்று சொன்ன பிறகுதான் என்னைக் கை கழுவ விட்டார்.

புவனாவும் அதைத்தான் செய்தாள். லேப் கம்ப்யூட்டர், தகவலைப் பதிவேட்டில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்ல வேண்டும். அதுவும் அந்தக் குழாயின் பார்கோடு எண்ணோடு. எண் வராதவரை புரோக்கர் பிரதியை அழிக்காது. ஒரே எண் இரண்டு முறை வந்தால் லேப் கம்ப்யூட்டர் இரண்டாவதை ஒதுக்கிவிடும். எழுதி முடித்து, சோதித்து, மறுபடி சோதித்து, நிமிர்ந்தபோது அஸ்வின் இரண்டாவது ஒத்திகைக்குத் தேதி சொன்னார்.

தேதியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடிக் கிருத்திகை!

சென்னைக் காலண்டரில் அது வெறும் வேலை நாள். திருத்தணியில்? மஞ்சள் வேட்டிகளால் ஊர் நிரம்பி வழியும் நாள். காவடி மேல் காவடி. அரோகரா என்ற ஒரே சொல் மலையடியில் கிளம்பி உச்சிவரை போய்த் திரும்பி வரும். பூவும் கற்பூரமும் வியர்வையும் கலந்து ஊருக்கே ஒரு வாசனை. பார்க்க வருகிறவர்களுக்கு அது திருவிழா. இங்கேயே இருக்கிறவர்களுக்கு, கூடவே அது செல்போன் செத்துப்போகும் நாள். இத்தனை பேரை எந்த டவர் தாங்கும்?

“வேற தேதி கேளு” என்றேன். புவனா அஸ்வினிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பதறிப்போய், “ஐயோ, தெரியாது மேடம், மாத்திடலாம்” என்றார்.

“வேணாம்” என்றாள் புவனா. “அன்னிக்கே இருக்கட்டும்.”

போனை வைத்ததும் நான் குதித்தேன். “உனக்கு இன்னா ஆச்சு? வேலையே போயிடும்!”

“கூட்டமில்லாத நாள்ல ஜெயிச்சா இன்னா பிரயோசனம்? அடுத்த கிருத்திகைக்கு விழுந்துடும், அப்ப போகும் வேலை. தாங்குமா தாங்காதான்னு இப்பவே தெரிஞ்சிக்கறேனே.”

பன்னிரண்டு வருட கேப்பில் இவள் என்ன செய்தாள் என்று கேட்டார்களே... இந்த நெஞ்சை வளர்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

கிருத்திகைக்கு முதல் நாள் அவள் அரக்கோணம் போய்விட்டாள். அங்கே நெட் அறுபடாது. அப்பா வீட்டிலிருந்தே புரோக்கரைப் பார்த்துக்கொள்வாள். என்னை லேப்பில் நிறுத்தினாள். “உங்களுக்கு ஒரே வேலைதான். எதையும் தொடாதீங்க. யாரையும் தொட விடாதீங்க.” என்னைப் போய்!

காலை ஏழு மணிக்கு லேப்புக்குப் போனேன். விசேஷ நாள், யார் ரத்தம் கொடுக்க வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அஸ்வினும் அப்படித்தான் நினைத்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை — கிருத்திகை என்றால் விரதம். விரதம் என்றால் வெறும் வயிறு. ‘எப்படியும் பட்டினிதான், அப்படியே சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அம்மையார்குப்பத்தில் பாதி ஊர் கிளம்பி வந்துவிட்டது! வழக்கத்தை விடக் கூட்டம்.

ஆனால் அவர்களில் ஒரு பெயர்கூட வருவதற்கு முன், ஏழு பத்துக்கே லேப்பில் நெட் போனது. யாரோ தண்ணீர்ப் பந்தலுக்குக் கம்பம் நடப் பள்ளம் தோண்டி, கேபிளை வெட்டிவிட்டார்களாம். நீர்மோர் கிடைத்தது, நெட் போனது. செல்போன் ஏற்கெனவே மூச்சை விட்டிருந்தது. மேஜைமேல் பழைய லேண்ட்லைன் ஒன்றுதான் உயிரோடு.

பைக்கில் ஐஸ் பெட்டி வந்தது. “கோயில் ரோடு ஃபுல்லா காவடி சார். ஏரிக்கரை மேல சுத்திக்கினு வந்தேன்” என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர். மறுபடி வந்தார். மறுபடி. குழாய்கள் ஸ்டாண்டில் ஏறின. ஐந்து, பன்னிரண்டு, இருபது... கஸ்தூரியின் திரையில் மட்டும் ஒரு பெயர் கூட இல்லை.

நான் நடந்தேன். வாசலுக்கும் மேஜைக்கும், மேஜைக்கும் ஃப்ரிட்ஜுக்கும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மயில் இறகுக் காவடிகள் ஆடிக்கொண்டே போயின. உள்ளே அத்தனை பேரின் ரத்தம் பெயரில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்தார். “சார், ஒவ்வொரு மையத்துக்கா போன் போட்டுக் கேட்டு எழுதிக்கிறேனே. அரை மணி நேர வேலை.”

நியாயம்தானே? ஆனால் கையால் ஒரு பெயர் எழுதினாலும் ஒத்திகை தோற்றதாகக் கணக்கு. புவனாவின் ஆறு மாதமும் அந்தப் பேனா முனையில் நின்றது. தொடாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

லேண்ட்லைன் அடித்தது. அரக்கோணம்.

“கஸ்தூரிக்கா, புவனா பேசறேன். இந்நேரம் நோட்ட எடுத்திருப்பீங்கன்னு தெரியும். எழுதாதீங்க. எல்லாம் எங்கிட்ட வரிசையா நின்னுக்கினு இருக்கு. என் கண்ணு முன்னாடி தெரியுது. முப்பத்தி மூணு பேரு. உங்க நெட் வந்ததும் தானா எறங்கிடும்.”

“வரலன்னா புவனாம்மா?”

“வரும். குழாயெல்லாம் ஃப்ரிட்ஜ்ல சாயங்காலம் வரைக்கும் தாங்கும்ல? அதுவரைக்கும் நம்புங்க. ஒண்ணு மட்டும் செய்யணும்க்கா. யாரு போன் போட்டாலும் உள்ளத சொல்லுங்க.”

கஸ்தூரி நோட்டை மூடினார். ரிசீவரை வைத்த கையை எடுக்கவில்லை, மறுபடி மணி. இந்த முறை அம்மையார்குப்பம் மையத்திலிருந்து நிர்மலா — ரத்தம் எடுத்துப் பெயர் பதிகிற பெண். “அக்கா, தகவல் வந்துச்சாக்கா?”

கஸ்தூரியின் வாய் ‘ஆங்’ என்று திறந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. திரையைப் பார்த்தார். காலித் திரை.

“இல்லமா. இன்னும் வரல.”

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, “ஒண்ணியும் அடிக்காத. நீ அனுப்பினது பத்திரமா இருக்குது. இங்க வந்ததும் நானே சொல்றேன்” என்றார். போனை வைத்துவிட்டு முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். இருபது வருடத்தில் முதல் ‘இல்லை’. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

இரண்டே முக்காலுக்கு கேபிளை ஒட்டினார்கள். மோடத்தில் பச்சை விளக்கு. நான் எதையும் தொட்டுவிடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

திரையில் முதல் பெயர் விழுந்தது. அரக்கோணத்தில் காலை ஏழே காலுக்கு ரத்தம் கொடுத்தவர். அடுத்து ஏழு இருபது. அடுத்து... முந்தியவர் முந்தி, பிந்தியவர் பிந்தி. தள்ளுமுள்ளு இல்லை, குறுக்கே புகுதல் இல்லை. வெளியே அத்தனை லட்சணமான வரிசையை நான் அன்று பார்க்கவில்லை. ஒவ்வொரு பெயர் விழும்போதும் கஸ்தூரி ஒரு குழாயை எடுத்து பார்கோடைக் காட்டினார். பீப். பீப். பெயரில்லாத ரத்தத்துக்கெல்லாம் பெயர் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கியது. கற்பூரப் புகை என்று கஸ்தூரியிடம் சொன்னேன்.

பிறகு நின்றது.

“நாப்பது” என்றார் கஸ்தூரி. ஸ்டாண்டில் இன்னும் ஒரு குழாய்.

மறுபடி எண்ணினார். நாற்பத்தொரு குழாய், நாற்பது பெயர். மூன்றாவது முறையும் அதேதான். திரையில் அசைவில்லை.

லேண்ட்லைன். அஸ்வின். “சார், மேடம் ஹஸ்பண்டா? இங்க டாஷ்போர்டுல பாக்கறேன். நாப்பத்தொண்ணு அனுப்பியிருக்காங்க, நாப்பதுதான் பதிவாகியிருக்கு. க்யூ காலி. ஒண்ணு... காணோம் போல இருக்கு சார்.” குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் வருத்தம்தான்.

இன்னும் ஒரே ஒரு மெசேஜ் காணாமல் போனாலும்... என் காதில் அதுவேதான் ஒலித்தது. அரக்கோணத்துக்குப் போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பு நம்பர்.

“புவனா... ஒண்ணு கொறையுது.”

“தெரியும். பாத்துக்கினுதான் இருக்கேன்.”

“காணாம போச்சா?”

“எங்கிட்ட எதுவும் காணாம போகாது. எங்கியோ நிக்குது. இருங்க.”

அந்த ‘எங்கிட்ட எதுவும் காணாம போகாது’ என்ற குரல் இருக்கிறதே... வேலைக்காக இருபது இடத்தில் கெஞ்சிய குரல் இல்லை அது.

கீபோர்டு சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. பிறகு ஒரு சிரிப்பு. புவனா அவ்வளவு வாய்விட்டுச் சிரித்து நெடுநாளாகிறது.

விஷயம் என்ன? ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், யாரும் கேட்காமல், அவளாகவே பக்கத்தில் இன்னொரு சின்ன வரிசை அமைத்திருக்கிறாள். ஏதாவது ஒரு தகவலை லேப் கம்ப்யூட்டர் ‘இது சரியில்லை, வாங்க மாட்டேன்’ என்று தள்ளிவிட்டால் அது தூக்கி எறியப்படக் கூடாது. காரணத்தோடு அங்கே போய் நிற்க வேண்டும். அங்கே ஒருவர் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“படிக்கிறேன் கேளுங்க. பேரு தணிகாசலம். அம்மையார்குப்பம். ஆண். கேட்டிருக்கற டெஸ்ட், வெறும் வயித்து சக்கரை, மூணு மாச சக்கரை. பொறந்த தேதி... இன்னிக்கி.”

“இன்னிக்கியா?”

“இன்னிக்கித்தான். வயசு சைபர். பொறந்து ஒரு நாள் ஆகாத கொழந்தைக்கு மூணு மாச சக்கரை எப்படி பாப்பேன்னு லேப் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிடுச்சி. சரியாத்தானே கேட்டிருக்குது!”

போனில் காதை ஒட்டி நின்ற கஸ்தூரி வெடித்துவிட்டார். நிர்மலாவைக் கூப்பிட்டார்.

“ஏம்மா நிர்மலா, உங்க ஊர்ல பொறந்த கொழந்தைங்க தானா நடந்து வந்து ரத்தம் குடுக்குதா?”

“இன்னாக்கா சொல்றீங்க?”

“தணிகாசலம் யாரு?”

“நெசவுக்காரத் தாத்தாக்கா. வெரதம் இருந்துகினு வந்தாரு. எப்ப பொறந்தீங்கன்னேன். ஆடிக் கிருத்திகைல பொறந்தேன், அதான் இந்தப் பேருன்னாரு. வருஷம் கேட்டா, அத எவன் எழுதி வெச்சான்னு என்னியே கேக்கறாரு. ஆதாரும் எடுத்தாரல. கம்ப்யூட்டரு தேதி குடுத்தாத்தான் வுடுவேங்குது. வரிசையில பின்னாடி அத்தினி பேரு. அதான் ஆடிக் கிருத்திகை தேதிய போட்டேன். சரிதானக்கா?”

சரிதான். இதைவிடச் சரியாக யார் போட முடியும்? எந்த ஊர் எஞ்சினீயர் இந்தத் தப்பை முன்கூட்டி யோசித்திருப்பார்? முருகன் திருநாளையும் தன் பிறந்தநாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வருஷத்தைக் கைவிட்ட ஒரு மனிதர், அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் நம்பிய ஒரு பெண் — இந்த இரண்டு பேரையும் சேர்த்தே புவனா யோசித்திருந்தாள். என்ன தப்பு வரும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று வரும், வந்தால் அதற்கும் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நிர்மலா தாத்தாவின் மகனுக்குப் போன் செய்து ஆதாரைப் பார்க்கச் சொன்னாள். அறுபத்தெட்டு வயது. புவனா தேதியைத் திருத்தி, தாத்தாவைப் பக்கத்து வரிசையிலிருந்து எடுத்துப் பெரிய வரிசையில் விட்டாள்.

பீப்.

நாற்பத்தொன்று.

கஸ்தூரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ நான்தான் செய்ததுபோல! நானும் வாங்கிக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே வேலை எதையும் தொடாமல் இருந்தது. அதற்குக்கூட எவ்வளவு பாடு!

அரைமணி கழித்து லேப்பிலிருந்து அஸ்வினிடம் பேசினார்கள். அஸ்வின் புவனாவிடம் பேசினார். அவள் அரக்கோணத்திலிருந்து எனக்குச் சொன்னாள்.

“நிரந்தரம் பண்ணிட்டாங்களாம்” என்றாள். கேஸ் வந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

“அப்புறம்?”

“அந்தப் பக்கத்து வரிசைய எல்லா க்ளையன்ட்டுக்கும் போட்டுடலாம், நீங்களே பாத்துக்கோங்கன்னாரு. ரெண்டு பேர எனக்குக் கீழ தராங்க.”

“அப்புறம்?”

லேப்டாப்பை மூடும் சத்தம். பிறகு மெதுவாக, “கேப் பத்தி யாரும் கேக்கலிங்க” என்றாள்.

“இன்னொரு வாட்டி சொல்லு” என்றேன். சொன்னாள்.

நம் வீடுகளில் இப்படி எத்தனை பேர்? பால் தீர்ந்ததையும், பரீட்சை தேதியையும், மாத்திரை நேரத்தையும், யாருக்கு யாரோடு மனஸ்தாபம் என்பதையும் ஒன்றுவிடாமல் வரிசையில் வைத்துக் காத்து, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கிறவர்கள். அந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘வீட்ல சும்மா இருக்காங்க’. பயோடேட்டாவில் அதன் பெயர் கேப். அங்கே கற்றதைத்தான் புவனா அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று நான் நினைக்கிறேன். அவளிடம் சொன்னால், “அதெல்லாம் ஒண்ணியும் இல்ல, டாக்குமென்டேஷன் ஒழுங்கா படிச்சேன்” என்கிறாள்.

இருக்கட்டும். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் மெசேஜ் புரோக்கர் என்றால் என்ன என்று காபி ஆறும்வரை விளக்குகிறேன். பால்காரருக்குக்கூட விளக்கியாயிற்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் புவனாவிடம் போய், “இன்னாம்மா சொல்றாரு?” என்று கேட்கிறார்.